ஆர்க்டிக் குளிர் வருகிறதாம்: எந்த மேப்பை நம்புவது, எப்போது குழாயைத் திறந்து வைப்பது?

டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் வசிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. போன வாரம் அவர் போனில் இருக்கும் ஆப், வரும் வெள்ளிக்கிழமை அதிகாலைக்கு 4 டிகிரி ஃபாரன்ஹீட் என்று காட்டியது (இங்கே வரும் டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட்தான், 32-இல் தண்ணீர் உறையும்). இரண்டு நாள் கழித்து 27 என்றது. இன்று, திங்கட்கிழமை, 15 என்கிறது. நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் டெக்சாஸ் முழுக்க ஊதா நிறம் பூசிய மேப் சுற்றுகிறது, '2021 திரும்ப வருகிறது' என்ற குறிப்போடு. வியாழன் இரவு ஆர்க்டிக் ஃபிரண்ட், அதாவது வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு, வந்து சேருமாம், அவரோ வெள்ளி காலை ஓக்லஹோமா சிட்டிக்குக் காரில் போக வேண்டுமாம். எதை நம்புவது, நாமே எப்படிக் கண்காணிப்பது, வீட்டுக் குழாய்களை எப்போது கவனிப்பது என்று கேட்கிறார்.

முதலில் நேரடியான பதில். இன்றைக்கு அந்த 15 என்ற எண்ணை விடுங்கள். வருவது நிஜமான ஆர்க்டிக் காற்றுதானா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். புதன் மாலைக்குப் பிறகு பல நாள் முன்கூட்டிச் சொல்லும் மேப்களையும் மூடிவிட்டு, உங்களுக்கு வடக்கே இருக்கும் ஊர்களில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அதோடு ஃபிரண்ட் சொன்ன நேரத்துக்குச் சில மணி நேரம் முன்பே வந்துவிடும் என்று வைத்துக்கொண்டு வேலைகளை முடியுங்கள். ஏன் முன்பே என்பதில்தான் இந்த விஷயத்தின் சாரமே இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? அலாஸ்கா பக்கம் மேல்மட்டத்தில் ஓர் உயரழுத்த மேடு வலுவாக நிமிர்ந்து நின்றால், சைபீரியக் காற்று துருவத்தைத் தாண்டி வடமேற்குக் கனடாவுக்குள் இறங்க வழி கிடைக்கும். அங்கே குளிர்காலத்தில் சூரியன் பெயருக்குத்தான் தலைகாட்டும், தரையெல்லாம் பனி. அந்தப் பரப்பின் மேல் சில நாள் தேங்கி நிற்கும் காற்று தன் வெப்பத்தை விண்வெளிக்கு விட்டுவிட்டு அடர்த்தியாகிக் கனத்துப் போகும். கனத்த காற்று என்றால் தரையில் அழுத்தம் ஏறும். அதனால் குளிர் எவ்வளவு வலுவானது என்பதற்கு வெப்பநிலை மேப்பை விட அழுத்த மேப் நல்ல சாட்சி. கனடாவிலிருந்து இறங்கும் உயரழுத்தத்தின் மையம் 1050 மில்லிபாரை (காற்றழுத்த அலகு) தாண்டுகிறது என்று பல மாடல்கள், அதாவது வானிலையைக் கணக்கிடும் கணினி நிரல்கள், ஒருசேரக் காட்டினால் விஷயம் விளையாட்டில்லை. அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவில் பதிவான அதிகபட்சம் 1064 மில்லிபார், 1983 டிசம்பர் 24 அன்று மாண்டானாவின் மைல்ஸ் சிட்டியில். அந்த அளவோடு ஒப்பிட்டால் 1050 எவ்வளவு பெரிய எண் என்று புரியும். வெறும் 1035 என்றால் குளிரும், அவ்வளவுதான்.

இனி அந்தக் காற்று தெற்கே வருகிற விதம். மேற்கே ராக்கி மலைத்தொடர் சுவர் போல நிற்கிறது, கிழக்கே டெக்சாஸ் வரை தடுக்க ஒன்றுமில்லாத சமவெளி. கனத்த குளிர்காற்று தரையில் கொட்டிய எண்ணெய் மாதிரி மலையடிவாரத்தை ஒட்டி வழிந்து வரும். ஆழம் அதிகமிருக்காது, டெக்சாஸை எட்டும்போது சில சமயம் ஒரு கிலோமீட்டர்கூட இராது, அதற்கு மேலே மெக்சிகோ பக்கத்திலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்று பாட்டுக்கு வீசிக்கொண்டிருக்கும். அமெரிக்க ஜிஎஃப்எஸ் மாடல் ஏறக்குறைய 13 கிமீ கட்டங்களாகவும், ஐரோப்பிய மாடல் 9 கிமீ கட்டங்களாகவும் உலகம் முழுவதையும் கணக்கிடுகின்றன. புயல் போன்ற பெரிய அமைப்புகளுக்கு அது போதும். தரையை ஒட்டி ஊர்ந்து வரும் இந்த மெல்லிய போர்வையிடம்தான் அவை தடுமாறுகின்றன, மேலிருக்கும் வெப்பக்காற்றோடு அதை அளவுக்கு மீறிக் கலந்துவிட்டு, ஃபிரண்ட்டை மெதுவாகவும் சற்று வெதுவெதுப்பாகவும் காட்டிவிடும். தெற்குச் சமவெளியில் கணிப்பு செய்பவர்களுக்கு இது பழைய கதை. அமெரிக்கத் தேசிய வானிலை சேவையின் கிளை அலுவலகங்கள் தினமும் வெளியிடும் கணிப்பு விளக்கக் குறிப்புகளைப் படியுங்கள், இப்படிப்பட்ட நாட்களில் மாடல் சொல்வதை விடச் சீக்கிரமாகவும் குளிராகவும் எண்களை அவர்களே திருத்தி வைத்திருப்பதைப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், பத்து வண்ண மேப்களை விட அந்த ஒரு பக்கக் குறிப்பு மேல். உங்களுக்கு ஃபோர்ட் வொர்த் அலுவலகக் குறிப்பு, போகிற ஊருக்கு நார்மன் அலுவலகக் குறிப்பு.

இதிலேயே இன்னொரு சிக்கல் உண்டு. குளிரைப் பார்க்க ஆர்வலர்கள் வழக்கமாகத் திறப்பது 850 மில்லிபார் மேப், காற்றழுத்தம் அந்த அளவுக்குக் குறையும் உயரத்தின் நிலவரம் அது, சுமார் 1,500 மீட்டர். குளிர்காற்று ஒரு கிலோமீட்டர் ஆழம்தான் என்றால் அந்த மேப்பில் ஃபிரண்ட் வந்ததே தெரியாது, கீழே நீங்கள் நடுங்கிக்கொண்டிருக்கும்போது மேப் 45 டிகிரி என்று சாதிக்கும். டாலஸுக்கு 925 மில்லிபார் மேப்பைப் பாருங்கள், அது ஏறக்குறைய 750 மீட்டர் உயரம். அமரில்லோவுக்கு அதுவும் உதவாது, அந்த ஊரே 1,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் 925 அங்கே தரைக்கு அடியில் போய்விடும்.

சரி, உங்கள் ஆப்பில் 4, 27, 15 என்று எண் ஏன் ஊசலாடியது? பெரும்பாலான ஆப்கள் ஏதாவது ஒரு மாடலையோ சிலவற்றின் கலவையையோ எடுத்து அப்படியே ஓர் எண்ணாகக் காட்டிவிடும். ஜிஎஃப்எஸ் ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது, 16 நாள் வரை கணக்குச் சொல்கிறது. பத்தாம் நாளில் அலாஸ்கா மேடு சில நூறு கிலோமீட்டர் இப்படியோ அப்படியோ நகர்ந்தாலே குளிர் டெக்சாஸுக்குப் பதில் ஒஹாயோவுக்குப் போய்விடும். ஒரே ஓட்டத்தின் பத்தாம் நாள் மேப்பைப் பகிர்கிறவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அடுத்த ஓட்டத்திலும் அது இருந்ததா? பெரும்பாலும் பதில் வராது. இதற்காகத்தான் தொகுப்புக் கணிப்பு இருக்கிறது. தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஐரோப்பிய மையம் 51 ஓட்டங்களும், அமெரிக்கத் தொகுப்பு 31 ஓட்டங்களும் செய்கின்றன. வெள்ளி அதிகாலைக்கு அவற்றில் பாதி 10 டிகிரியும் மீதி 30 டிகிரியும் காட்டினால், உங்கள் ஆப் காட்டும் 15-க்கு அர்த்தமே கிடையாது. முக்கால்வாசி 10-க்கும் 18-க்கும் நடுவே குவிந்தால் நம்பலாம். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நீங்கள் பார்க்க வேண்டியது இந்தக் குவிதல் கூடுகிறதா என்பதைத்தான். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை போனைத் திறந்து எண்ணைப் பார்ப்பதால் தூக்கம் கெடும், வேறொன்றும் ஆகாது.

போலார் வோர்டெக்ஸ் என்ற சொல் ஒவ்வொரு குளிருக்கும் கூடவே வருகிறது. அது துருவத்துக்கு மேலே ஸ்ட்ராடோஸ்பியர் என்ற உயர் வளிமண்டல அடுக்கில் சுழலும் காற்றுவளையம். அது குலைந்தால் குளிர் தெற்கே இறங்கும் வாய்ப்பு கூடும், ஆனால் எப்போது, எந்தக் கண்டத்துக்கு என்பதை அது சொல்லாது. மூன்று நாள் தூரத்தில் இருக்கும் ஒரு ஃபிரண்ட்டுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

2021 பயத்துக்கு வருவோம். அந்தப் பிப்ரவரி 16 அன்று டாலஸ்-ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் மைனஸ் 2 ஃபாரன்ஹீட் பதிவானது, 1949-க்குப் பிறகு அந்தப் பகுதியின் பதிவில் அவ்வளவு குறைந்ததில்லை. ஆனால் அந்த வாரத்தை அவ்வளவு மோசமாக்கியது குறைந்தபட்ச எண் மட்டுமில்லை. குளிர் பல நாள் நகராமல் மாநிலம் முழுக்க உட்கார்ந்தது, தரையில் பனி கிடந்தது, மின்சாரம் போனது. ஒரே ஃபிரண்ட் வந்து ஒன்றரை நாளில் விலகுவது வேறு கணக்கு. ஆகவே எவ்வளவு குறையும் என்று கேட்பதோடு, உறைநிலைக்குக் கீழே தொடர்ந்து எத்தனை மணி நேரம் என்றும் கேளுங்கள். மணிவாரிக் கணிப்பில் இதை நீங்களே எண்ணிவிடலாம்.

மணிவாரி என்றதும் ஒரு விஷயம், இதில் பலர் ஏமாறுகிறார்கள். தினக் கணிப்பில் வரும் அதிகபட்ச வெப்பநிலை, ஃபிரண்ட் கடக்கும் நாளில் பொய் சொல்லாமலே ஏமாற்றும். வெள்ளிக்கிழமை அதிகபட்சம் 41 என்று இருக்கும், நீங்களும் மதியம் வெயிலடிக்கும் என்று ஸ்வெட்டரோடு கிளம்புவீர்கள், ஆனால் அந்த 41 நள்ளிரவு 12 மணிக்கு ஃபிரண்ட் வருவதற்கு முன் இருந்த அளவு, மதியம் இருக்கப்போவது 22. 1911 நவம்பர் 11 அன்று ஓக்லஹோமா சிட்டியில் பகலில் 83 டிகிரி இருந்து, அதே தேதி முடிவதற்குள் 17-க்கு இறங்கியது. 2022 டிசம்பர் 21 அன்று வியாமிங்கின் ஷையான் நகரில் அரை மணி நேரத்தில் 40 டிகிரி விழுந்தது. டெக்சாஸ் வரும்போது இந்த வேகம் ஓரளவு தணிந்திருக்கும், இருந்தாலும் நாள் கணக்கை விட்டு மணிக் கணக்கில் பார்க்கும் பழக்கம் நல்லது.

புதன் மாலைக்கு மேல்தான் ஆர்வலர்களுக்குப் பிடித்த பகுதி. 3 கிமீ கட்டங்களில் ஓடும் ஹெச்ஆர்ஆர்ஆர் மாடல் மணிக்கு ஒருமுறை புதிதாக வரும், அதன் நீண்ட ஓட்டங்கள் 48 மணி நேரம் வரை போகும். அதில் ஃபிரண்ட் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு, உண்மை நிலவரத்தோடு ஒத்துப்போகிறதா என்று சோதியுங்கள். ஓக்லஹோமாவின் மெசோநெட் என்ற வானிலை அளவீட்டு வலையமைப்பின் நிலையங்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தரவு தருகின்றன, மாநிலத்தின் 77 கவுண்டிகளிலும் குறைந்தது ஒன்று உண்டு, இதைப் போன்ற வசதி எல்லா இடத்திலும் கிடைத்துவிடாது. ஃபிரண்ட் கடந்தது என்பதற்கு வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள், இரவில் அது தானாகவும் குறையும். தெற்கிலிருந்து வீசிய காற்று சட்டென்று வடக்கே திரும்பி வேகம் பிடித்திருக்கும், அதுவரை இறங்கிக்கொண்டிருந்த அழுத்தம் விறுவிறுவென்று ஏறும், காற்றின் ஈரத்தைக் காட்டும் பனிநிலைப் புள்ளி சரியும். மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தால் சந்தேகமே வேண்டாம். மழை இல்லாத நாளில்கூட ரேடாரில் மெல்லிய கோடு ஒன்று தெற்கே நகர்வது தெரியும், தூசியையும் பூச்சிகளையும் ஃபிரண்ட் கூட்டித் தள்ளுவதால் விழும் கோடு அது.

கணக்கு எளிது. ஓக்லஹோமா சிட்டியிலிருந்து ஆர்ட்மோர் சுமார் 100 மைல், அங்கிருந்து டாலஸும் கிட்டத்தட்ட அவ்வளவே. முதல் ஊரில் மதியம் 2 மணிக்குக் காற்று திரும்பி, ஆர்ட்மோரில் 5 மணிக்குத் திரும்பினால், உங்கள் வாசலுக்கு 8 மணிவாக்கில் வரும். மாடல் 11 மணி என்று சொல்லிக்கொண்டிருந்தால் மாடலை விடுங்கள்.

குழாய்கள். வெளிக்காற்று 20 டிகிரிக்குக் கீழே போய்ச் சில மணி நேரம் நிற்கும் என்றால் கவலைப்பட வேண்டும், உங்கள் பக்க வீடுகளில் குழாய்கள் வெளிச்சுவரிலும் பரணிலும் போதிய காப்பு இல்லாமல் ஓடுவது சகஜம் என்பதால். இங்கே விண்ட் சில், அதாவது காற்று வீசும்போது உடம்பு உணரும் குளிர், அந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். 20 டிகிரியில் 25 மைல் வேகக் காற்று அடித்தால் விண்ட் சில் 3 டிகிரி, ஆனால் அது உங்கள் தோலுக்கான கணக்கு, குழாய் காற்றின் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே போகாது. காற்று செய்வது வேறு, சுவர் இடுக்குகள் வழியே புகுந்து குழாயை அந்த 20-க்கு வேகமாகக் கொண்டுபோய்விடும். அதனால் தோட்டத்துக் குழாய்களில் ஹோஸைக் கழற்றி உறை போடுவதையும், இடுக்குகளை அடைப்பதையும் வியாழன் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய சிங்க்கின் கீழ்க் கதவைத் திறந்து வைத்து, வெந்நீர், தண்ணீர் இரண்டு பக்கமும் மெலிதாகச் சொட்டவிடுவது வியாழன் படுக்கப் போகும் முன் போதும். தண்ணீரை மூடும் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் காட்டி வையுங்கள்.

கடைசியாகப் பயணம். குளிர் மட்டும் என்றால் போர்வை, தண்ணீர், முழு டேங்க் பெட்ரோலோடு போய்விடலாம். மழை சேர்ந்தால்தான் ஆபத்து, அதற்கும் காரணம் அந்த மெல்லிய குளிர்ப் போர்வையே. மேலே வெப்பக்காற்றில் மழைத்துளியாக உருவாகி, தரையை ஒட்டிய குளிருக்குள் விழுந்து சாலையில் பட்டதும் உறையும். குளிரின் ஆழம் கூடினால் வழியிலேயே பனிக்கட்டி மணியாகிவிடும், அதில் ஓரளவு பிடிமானமாவது உண்டு. எது விழும் என்பதை வியாழன் மாலை 6 மணிவாக்கில் ஃபோர்ட் வொர்த்திலும் நார்மனிலும் விடும் வானிலை பலூன்களின் அளவீடு ஓரளவு காட்டிக்கொடுக்கும். அன்று இரவு வரும் விளக்கக் குறிப்பில் உறைமழை என்ற பேச்சு இருந்தால் வெள்ளி காலை கிளம்பாதீர்கள், நீங்கள் போகும் ஐ-35 நெடுஞ்சாலை நெடுக மேம்பாலங்கள், அவைதான் முதலில் உறையும். மழைப் பேச்சே இல்லையென்றால் விடிந்து ஒன்பது மணிக்கு மேல் கிளம்புங்கள், அப்படியே எதிர்க்காற்றுக்கும் சேர்த்து அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.