பெட்டையைக் கழிக்காதீர்கள், ஆணைச் சோதியுங்கள்

கேள்வி: என் சாம்பல் முயல் ஜோடி ஈன்ற எட்டுக் குட்டிகளில் இரண்டுக்கு உடல் வெள்ளை, காது, மூக்கு, பாதம் கறுத்து வருகின்றன. ஆண் முயலைத் ‘தூய இனம்’ என்று விற்றவர், பெட்டைதான் கலப்பு, வேறு தருகிறேன் என்கிறார். பெட்டையைக் கழித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்த இரண்டும் ஹிமாலயன் என்ற நிற வகைக் குட்டிகள். அவற்றின் நிறமி நொதி உடல் சூட்டில் வேலை செய்யாது. குளிர்ந்த நுனிகளில் மட்டும் கறுக்கும்.

இந்த நிற மரபணுவுக்கு முக்கியமாக நான்கு வடிவங்கள்: முழு நிறம், சின்சில்லா, ஹிமாலயன், சிவப்புக் கண் வெள்ளை. இதே வரிசையில் முன்னது பின்னதை மறைக்கும். வடிவம் எத்தனை இருந்தாலும் ஒரு முயலுக்கு இடம் இரண்டுதான்: தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஹிமாலயன் குட்டி பிறக்க ஒரு பக்கம் ஹிமாலயனும், மறுபக்கம் ஹிமாலயனோ வெள்ளையோ வர வேண்டும். ஆக, வேறு ஆண் சேரவில்லை என்றால், அந்தத் ‘தூய’ ஆணும் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, புதுப் பெட்டை வந்தால் என்ன ஆகும் என்பதை. அது மறைந்த வடிவம் எதுவும் இல்லாத சாம்பலாக இருந்தால் குட்டிகள் எல்லாம் சாம்பலாகவே பிறக்கும். வியாபாரி சொன்னது சரி என்று தோன்றும். ஆனால் பாதிக் குட்டிகள் அப்பனின் மறைவைச் சுமந்தபடி உங்கள் பண்ணையில் பெருகும். ‘தூய இனம்’ என்று எழுதிய தாளுக்கு நான் மதிப்பே கொடுப்பதில்லை. தோலைப் பார்த்து எழுதுகிறார்கள். உள்ளே இருப்பது அவர்களுக்கும் தெரியாது.

எந்த ஆணையும் சிவப்புக் கண் வெள்ளைப் பெட்டையோடு சேர்த்துப் பாருங்கள். பெட்டைக்குக் கொடுக்கக் கடைசி வடிவம் மட்டுமே உண்டு, அதனால் ஆணின் மறைவு அப்படியே வெளிவரும். ஹிமாலயன் பிறந்தால் மறைந்திருப்பது அது; முழு வெள்ளை பிறந்தால் வெள்ளை. மறைவு உள்ள ஆணுக்கு எட்டுக் குட்டியும் சாம்பலாகவே பிறக்க 256-இல் 1 வாய்ப்புதான். அப்புறம், காதில் எண் குத்திப் பதிவேடு எழுதுங்கள். பதிவேடு இல்லாத பண்ணையில் இந்தச் சோதனையே வீண்.

ஒன்று கவனியுங்கள்: இதே ஜோடிக்கு இனி சிவப்புக் கண் முழு வெள்ளை பிறக்கவே முடியாது, ஏனென்றால் இருவரில் ஒருவரின் மறைவிடத்தை ஹிமாலயன் பிடித்துவிட்டது. அப்படி ஒன்று பிறந்தால் முதலில் கூண்டுத் தாழ்ப்பாளைப் பாருங்கள்.

அந்த இரண்டு குட்டிகளையும் மற்றவை போலவே வளர்த்து இறைச்சிக்கு விற்கலாம். சாம்பல் மட்டுமே வேண்டுமென்றால் இனவிருத்திக்கு வைக்காதீர்கள்.