வாசகர் கேள்வி – பதில்: பல்குழல் ராக்கெட்டுகள்

ராயபுரம் வாசகர்: 1914-இல் ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் நம் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைத் தாக்கியது ராக்கெட்டாலா, பீரங்கியாலா?

பீரங்கியால்தான். அப்போது ராக்கெட் போர்க்களத்தை விட்டு ஏறக்குறைய விலகிவிட்டிருந்தது. ஆனால் 1780-இல் நம் பகுதியிலேயே அதன் வலிமை தெரிந்தது. குண்டூரிலிருந்து வந்த கர்னல் பெய்லியின் ஆங்கிலேயப் படை, எண்ணூரில் கடலைச் சேரும் கொசஸ்தலையாற்றின் வெள்ளத்தால் சில நாட்கள் தடைப்பட்டு, பிறகு காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலி, திப்பு படைகளிடம் சிக்கி அழிந்தது. மைசூர்ப் படையின் ராக்கெட்டுக்கு உடல் இரும்புக் குழாய் என்பதால், காகிதமோ மூங்கிலோ தாங்காத அழுத்தத்தை அது தாங்கியது; வெடிமருந்தை நெருக்கித் திணிக்க முடிந்தது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு, அவற்றை ஆராய்ந்துதான் இங்கிலாந்தின் வூல்விச்சில் வில்லியம் காங்கிரீவ் தமது ராக்கெட்டை உருவாக்கினார். குழலுக்குள் திருகுபுரி வெட்டிய பீரங்கிகள் வந்ததும், குறி தவறாத அவற்றின் முன் ராக்கெட்டால் நிற்க முடியவில்லை.

எண்ணூர் வாசகி: குறி தவறும் ஆயுதம் என்றால், அது ஏன் மீண்டும் வந்தது? பீரங்கி போதாதா?

பீரங்கியில் குண்டைத் தள்ளும் வெடிப்பு குழலுக்குள்ளேயே நிகழ்கிறது. அந்த அழுத்தத்தையும் பின்னுதைப்பையும் தாங்கக் கனத்த எஃகுக் குழலும் பாரமான வண்டியும் தேவை. ராக்கெட்டோ தன் எரிபொருளைத் தானே சுமந்து செல்வதால், குழாய் அதற்கு வழிகாட்டினால் போதும். ஆகவே ஒரே லாரியில் பல குழாய்களை அடுக்கலாம். 1941 ஜூலை 14 அன்று பெலாரஸில் உள்ள ஓர்ஷா ரயில் நிலையத்தின் மீது சோவியத் படை முதன்முதலாகப் பயன்படுத்திய கத்யூஷா வண்டி, தன் மீது பொருத்திய இரும்புச் சட்டங்களிலிருந்து 16 ராக்கெட்டுகளை ஏவியது. 1960-களில் வந்த சோவியத் ஏவுவண்டியான கிராட், 122 மி.மீ. ராக்கெட்டுகள் நாற்பதைச் சுமார் 20 விநாடியில் கொட்டிவிடும். எதிரி பதுங்குவதற்குள் எல்லாம் விழுந்துவிட வேண்டும் என்பதே இதன் முழு நோக்கம். ஈழப்போர்ச் செய்திகளில் நாம் படித்த ‘மல்டி பேரல்’ இந்த வகைதான்.

இதில் ஒரு குறையும் உண்டு. எரிபொருள் எரியும் சில நொடிகளில் காற்று பக்கவாட்டில் தள்ளினால் ராக்கெட்டின் திசை மாறும். அந்தச் சிறு கோணப் பிழை தூரம் கூடக் கூட அகலும். வழிகாட்டும் கருவி இல்லாத பழைய கிராட் சுமார் 20 கி.மீ. செல்லும்; எண்ணூரிலிருந்து மெரினா வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கலங்கரை விளக்கத்தைக் குறிவைத்தால் ஒன்று கடலில் விழும், இன்னொன்று மயிலாப்பூர் வீடுகளுக்குள் விழும். திறந்தவெளிப் படைக்கூட்டத்தின் மீது இதைப் பயன்படுத்துவது போர். மக்கள் நெருக்கமாக வாழும் நகரத்தின் மீது ஏவுவது, யார் செய்தாலும், குற்றம் என்றே நான் கருதுகிறேன். ஏவும்போது எழும் புகையும் புழுதியும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், சுட்டவுடன் வண்டியை நகர்த்தியாக வேண்டும்.

வியாசர்பாடி வாசகர்: இந்தியாவின் பினாகா ஏவுவண்டியும் அமெரிக்காவின் ஹிமார்ஸும் ஒரே ரகமா?

வேலை ஒன்று, வழி வேறு. புணேயில் உள்ள, நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகம் வடிவமைத்த பினாகா, 12 ராக்கெட்டுகளை 44 விநாடியில் ஏவி, 40 கி.மீ.க்குச் சற்றுக் குறைவான தூரத்தில் ஒரு பரப்பையே அழிப்பதற்காகப் பிறந்தது. 1999 கார்கில் போரிலேயே அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஹிமார்ஸ் ஆறு ராக்கெட்டுகளை மட்டுமே சுமந்தாலும், அவை செயற்கைக்கோள் சமிக்ஞையைக் கொண்டு தம் பாதையைத் திருத்திக்கொண்டு 70 கி.மீ.க்கு அப்பாலும் ஒரு கட்டடத்தைத் தாக்கும். 2022-இல் உக்ரைன் ரஷ்யாவின் வெடிமருந்துக் கிடங்குகளை இப்படித்தான் தகர்த்தது. பினாகாவுக்கும் இப்போது வழிகாட்டும் ராக்கெட் வந்திருக்கிறது. சுமார் 75 கி.மீ. செல்லும்.

அதற்காகப் பழைய வகை காலாவதியாகிவிட்டது என்று எண்ணக் கூடாது. ரஷ்யர்கள் செயற்கைக்கோள் சமிக்ஞையைக் குழப்பத் தொடங்கியதும் ஹிமார்ஸின் துல்லியம் குறைந்தது. வழிகாட்டி பொருத்திய ராக்கெட் விலையும் அதிகம். தயாரிக்க நாளும் பிடிக்கும். ஆகவே ராணுவங்கள் இரண்டையும் வைத்துக்கொள்கின்றன: பாலத்துக்கும் கிடங்குக்கும் துல்லியமானது, பரந்து கிடக்கும் படைக்கு மலிவானது.