கண்காட்சி வேண்டாம்

வணக்கம். கலவரத்தில் வீடிழந்தவர்களின் முகாமில் குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு தொடங்குகிறோம். என்ன வண்ணங்கள் வாங்கலாம்? கறுப்பையே தீட்டும் குழந்தையை எப்படிப் புரிந்துகொள்வது? மூன்று மாதம் கழித்துக் கண்காட்சி வைத்து நிதி திரட்டவும் எண்ணம்.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

கறுப்பை விடுங்கள். வெள்ளைத் தாளில் எடுப்பாகத் தெரிவது அதுதான். நிறத்தைப் பார்த்து மனதைக் கணிப்பது வெறும் ஜோசியம்.

முதல் சில வகுப்புகளுக்குத் தடித்த ஆயில் பேஸ்டல், கலர் பென்சில் போதும். நீர்வண்ணம் தன்போக்கில் ஓடும். சிவப்பு ஓடினால் எப்படித் தெரியும் என்று சொல்லவேண்டியதில்லை. பெரிய சார்ட் மிரட்டும். ஏ4 தாளில் விளிம்பையொட்டிக் கட்டம் போட்டுக் கொடுங்கள். எட்டுக் குழந்தைகள், இரண்டு பெரியவர்கள், அதற்குமேல் வேண்டாம். யாரும் கதவுக்கு முதுகு காட்டி உட்காரக்கூடாது. கடைசிப் பதினைந்து நிமிடம் கை கழுவல், பாட்டு. ‘நடந்ததை வரை’ என்று சொல்லவே சொல்லாதீர்கள். தானாக வரைந்தால் வரையட்டும். ஒரே படத்தை வாராவாரம் மாற்றமில்லாமல் வரைந்து, வரைந்தபின் இன்னும் பதறுகிறதென்றால் குழந்தை மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். அது உங்கள் வேலையல்ல.

நான் பதில் எழுத உட்கார்ந்ததே அந்தக் கண்காட்சி வரிக்காகத்தான். எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்!

இதற்கு ஆதரவாக எல்லோரும், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசின் முகாமைக் காட்டுவார்கள். அங்கே அடைபட்டிருந்த ஓவியர் ஃப்ரீட்ல் டிக்கர்-பிராண்டைஸ் யூதக் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்தார். கிடைத்த பழைய தாள்களில் வரையவைத்தார், பெயரெழுதச் சொன்னார். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். சுமார் 4,500 படங்கள் இரண்டு சூட்கேஸ்களில் தப்பின. இன்று பிராக் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் உலகம் அவற்றைப் பார்த்தது கொன்றவர்களின் ஆட்சி விழுந்தபிறகு. உங்கள் குழந்தைகளின் வீட்டைக் கொளுத்தியவன் இன்னும் அதே தெருவில் இருக்கலாமே?

ஒரு படத்தை நினைத்துப் பாருங்கள். எரியும் வீடு, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, கொடி கட்டிய ஜீப், ஓட்டுபவனுக்கு முறுக்கு மீசை. மூலையில் குழந்தையின் பெயர், வயது. யார் வீடு, யார் மீசை என்று ஊர்க்காரர்களுக்குச் சட்டெனத் தெரியும். அது சாட்சியம். வருகிறவர் ஒருவர் செல்போனில் படமெடுத்தால் போதும்.

பெயரை மறைத்துவிட்டாலும் சரியாகாது. எந்தப் படத்தின் முன் பெரியவர்கள் கண்கலங்குகிறார்கள் என்று பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள். அடுத்த வாரம் பட்டம் வரைய நினைத்தவனும் துப்பாக்கி வரைவான்.

அம்மாவிடம் கையெழுத்து வாங்கினோம் என்பீர்கள். முகாமில் உங்களை நம்பியிருக்கும் பெண் எப்படியம்மா மறுப்பாள்?

ஆளுக்கொரு ஃபைல் கொடுங்கள். பெயர் உள்பக்கம், அவர்கள் கையாலேயே. படத்தின் பின்னால் தேதி மட்டும். பூட்டிய அலமாரி, ஒரே சாவி. கிழிக்கவேண்டும் என்றால் கிழிக்கட்டும். கடைசி வகுப்பில், எடுத்துப் போகிறாயா, இங்கேயே இருக்கட்டுமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். வீட்டில் பார்த்தால் ஆபத்து என்று சில பிள்ளைகளுக்கே தெரியும்.

நிதிக்கு, எத்தனை பெட்டி பேஸ்டல், எத்தனை கட்டுத் தாள் என்று கணக்கெழுதி அனுப்புங்கள். பேஸ்டல் பெட்டியைப் படமெடுத்தும் அனுப்பலாம்.