ஊதாமலே ஒலிக்கும் குழல்

கேள்வி: மேற்கத்திய புல்லாங்குழல் கற்கிறேன். ஊதாமல், துளைகளை மூடும் சாவிகளைத் தட்டினாலே மெல்லிய சுரம் கேட்கிறது. இதை இசையில் பயன்படுத்தலாமா? கருவி கெட்டுவிடுமா?
– ஒரு வாசகி

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம். இசையமைப்பாளர் எட்கார் வரேஸ் 1936-இல் தனிக் குழலுக்கு எழுதிய 'டென்சிட்டி 21.5' என்ற படைப்பிலேயே இந்தத் தட்டல் வருகிறது. சாவி மூடும் வேகத்தில் உள்ளிருக்கும் காற்று அதிர்கிறது. அதனால்தான் வெறும் 'டக்' ஓசையோடு சுரமும் சேர்ந்து வருகிறது. நான் மாணவர்களுக்கு முதலில் காட்டுவது இதைத்தான்: கீழ் ஸ்தாயி 'ஜி' சுரத்துக்கு விரல்களை வைத்து, இடது மோதிர விரலை மட்டும் சட்டென்று இறக்குங்கள். அப்புறம் ஊதுதுளையை வாயால் முழுசாக மூடிக்கொண்டு அதையே செய்யுங்கள். சுரம் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே போய்விடும். ஒரு முனை அடைபட்ட குழாய் அப்படித்தான் ஒலிக்கும். முதல் முறை கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது, இன்றும் அலுக்கவில்லை.

சரி, கருவி கெடுமா? விரலை உயரத் தூக்கி ஓங்கி அடிக்காதீர்கள், பேடுகள் (சாவிகளுக்கு அடியில் துளையை அடைக்கும் மெத்தைகள்) நசுங்கும். வேகம் போதும், பலம் வேண்டாம்.

கிளாரினெட், சாக்ஸபோனில் இன்னொரு வித்தை உண்டு. நாக்கால் ரீடை (ஊதுமுனையில் அதிரும் மெல்லிய தகட்டை) உறிஞ்சிப் பிடித்துச் சட்டென்று விடுவார்கள். தந்தியைச் சுண்டியது போலிருக்கும்.