வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும் திறந்தவெளி ஆட்டங்களைப் படமெடுக்க கேமராவை எப்படி அமைப்பது?

கேள்வி கேட்டவரிடம் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் கேமராவும் 55–250 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. மாலையில் தொடங்கி இரவு வரை நீளும் போட்டிகளில் பாதிப் படங்கள் கலங்கியும் மீதி இருண்டும் வருவதாகச் சொல்கிறார்.

நான் பல ஆண்டுகளாக ஊர்த் திருவிழாக்களில் மின்னொளி கபடிப் போட்டிகளைப் படமெடுத்து வருகிறேன். முதல் ஆட்டம் நான்கு மணி வெயிலில் தொடங்கும். இறுதி ஆட்டம் நள்ளிரவைத் தொடும். ஆகவே கபடியை வைத்தே சொல்கிறேன். கால்பந்துக்கும் ஓட்டப் பந்தயத்துக்கும் பெரிதாக எதுவும் மாறாது.

கேமராவில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நான் விட்டுக்கொடுக்காதது ஷட்டர் வேகம், அதாவது ஒரு படத்துக்காகக் கேமரா திறந்திருக்கும் நேரம். இதை ஓர் இழப்பில்தான் கற்றேன். அப்போதெல்லாம் லென்ஸின் திறப்பளவான அபெர்ச்சரை மட்டும் என் கையில் வைத்துக்கொண்டு ஷட்டரைக் கேமராவிடம் விட்டிருந்தேன். வெயில் இருந்தவரை எல்லாம் சரியாகவே வந்தது. ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடம். பாடிப்போன பையனை மூன்று பேர் அமுக்கிவிட்டார்கள். அவன் தரையோடு ஊர்ந்து நடுக்கோட்டுக்குக் கையை நீட்டுகிறான். அந்த நேரம் பார்த்து மேகம் சூரியனை மறைத்தது. கேமரா ஷட்டரை 1/125 நொடிக்கு இறக்கிவிட்டது. கோட்டைத் தொட்ட விரல்கள் தெரிய வேண்டிய இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு தீற்றல்தான் இருந்தது. மறுநாள் அவனுடைய அப்பா படம் கேட்டு வந்தார். கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து ஷட்டரையும் அபெர்ச்சரையும் நானே அமைக்கும் மேனுவலில்தான் எடுக்கிறேன். ஷட்டர் 1/1000. அபெர்ச்சர் அந்த லென்ஸ் திறக்கக்கூடிய முழு அளவு. கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ மட்டும் ஆட்டோ. மேகம் வந்தால் ஐஎஸ்ஓ ஏறும், விலகினால் இறங்கும். ஆட்டக்காரரின் கையும் காலும் கூர்மையாகவே இருக்கும். ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்தப் புள்ளிகளைப் பிறகு மென்பொருளில் பெருமளவு குறைத்துவிடலாம். அசைவில் கலைந்துபோன முகத்தை அப்படி மீட்க முடியாது. தொடக்கநிலைக் கேமரா என்றால் ஆட்டோ ஐஎஸ்ஓவின் உச்ச வரம்பை 6400 என்று வையுங்கள்.

நல்ல வெயிலில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. எஃப் என்பது அபெர்ச்சரின் அளவு; எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும். எஃப் 16 வைத்தால் ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்கு ஈடாக (ஐஎஸ்ஓ 100-க்கு 1/100) இருக்கும் என்பது ஃபிலிம் காலத்துக் கணக்கு. அதன்படி எஃப் 4, ஐஎஸ்ஓ 100 என்றால் 1/1600 தேவை. நீங்கள் 1/1000-த்திலேயே இருந்தால் ஐஎஸ்ஓ 100-க்குக் கீழே இறங்க வழியில்லாமல் வெள்ளைப் பனியன்கள் வெளிறிப்போகும். வெயில் நேரத்தில் 1/2000 வைத்துவிடுங்கள். வெயில் தாழ்ந்ததும் 1/1000-க்கு வாருங்கள்.

கேமரா அளக்கும் வெளிச்சத்தை அப்படியே நம்பவும் கூடாது. அந்திவானம் சட்டகத்துக்குள் அதிகம் வந்தால் ஆட்டக்காரர்கள் கறுத்துவிடுவார்கள். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 வரை ஏற்றுங்கள். பழைய கேமராக்கள் சிலவற்றில் மேனுவலும் ஆட்டோ ஐஎஸ்ஓவும் சேர்ந்திருக்கும்போது இது வேலை செய்யாது. அப்படியானால் ஷட்டரை மட்டும் நாம் வைத்து அபெர்ச்சரைக் கேமராவிடம் விடும் ஷட்டர் முன்னுரிமைப் பயன்முறைக்குப் போய்விடுங்கள். வெளிச்சம் குறைந்த பிறகு அபெர்ச்சர் தானாகவே முழுதாகத் திறந்துகொள்ளும். பலன் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஃபோகஸ், ஆட்டக்காரர் நகர நகரப் பின்தொடரும் தொடர் நிலையில் இருக்கட்டும். கேனானில் ஏஐ சர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. நடுப்புள்ளியையோ அதைச் சுற்றிய சிறு பகுதியையோ மட்டும் தேர்ந்தெடுங்கள். புழுதி கிளம்பும்போது எல்லாப் புள்ளிகளும் திறந்திருந்தால் கேமரா எதைப் பிடிப்பது என்று தடுமாறும். கோப்பு, கேமரா பதிந்ததை மெருகேற்றாமல் வைக்கும் ராவாக இருக்கட்டும், நிறத்தை வீட்டில் திருத்திக்கொள்ளலாம்.

சூரியன் மறைந்து விளக்குகள் இன்னும் முழுதாக எடுபடாத அரை மணி நேரம்தான் கடினமானது. அப்போது நான் 1/640 வரை இறங்குவேன். அதற்கேற்ப எடுக்கும் தருணத்தையும் மாற்றிக்கொள்வேன். பாடுபவர் காலை வீசும் கணத்தை விட்டுவிட்டு, பிடி விழுந்து இரண்டு பக்கமும் இழுபறியாக நிற்கும் கணத்துக்குக் காத்திருப்பேன். முகத்தில் வலி, வெறி எல்லாம் தெரிவதும் அப்போதுதான்.

மின்விளக்குக்கு வந்ததும் புதிதாக ஒரு தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, 1/1000-இல் எடுத்தால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மஞ்சள் பூத்தும் வரும். சில படங்களில் பாதி மட்டும் இருண்டிருக்கும். கேமரா பழுதென்று நினைத்துவிடாதீர்கள். விளக்கு உச்சத்தில் எரியும் கணம் பார்த்து ஷட்டரைத் திறக்கும் வசதி, கேனானில் 2014-இல் வந்த 7டி மார்க் 2 தொடங்கி, இப்போது பல கேமராக்களில் இருக்கிறது. மெனுவில் ஃபிளிக்கர் என்ற சொல்லைத் தேடுங்கள். இல்லாவிட்டால் ஐந்தாறு படங்களாகத் தொடர்ந்து எடுத்து நல்லதை வைத்துக்கொள்வதுதான் வழி. ஆட்டம் தொடங்குமுன் நடுவரின் வெள்ளைச் சட்டையைப் பத்துப் படம் தொடர்ந்து எடுத்துப் பாருங்கள், அந்த மைதானத்து விளக்கின் குணம் தெரிந்துவிடும்.

உட்காரும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். தடுக்கும் அணியின் கடைக்கோட்டுக்குப் பின்னால், ஓரமாகத் தரையில் உட்காருங்கள். பாடி வருபவர் உங்களை நோக்கியே வருவார்; நேராக வருபவருக்கு, குறுக்கே ஓடுபவரைவிடக் குறைந்த ஷட்டர் வேகம் போதும்.

உங்கள் லென்ஸ் சூரியன் மறையும்வரை தாராளமாகப் போதும். முழு ஜூமில் அது எஃப் 5.6 வரைதான் திறக்கும் என்பதால் இரவில் திணறும். இரவுக்காக விலை உயர்ந்த எஃப் 2.8 ஜூமுக்குக் கடன் வாங்காதீர்கள். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் பல நிறுவனங்களிலும் மலிவான லென்ஸ்களில் ஒன்று. எஃப் 5.6-ஐவிடப் பத்து மடங்கு அளவுக்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஐஎஸ்ஓ 12800 கேட்கிற இடத்தில் 1250 போதுமாகிவிடும். கபடிக் களத்தின் நீளம் 13 மீட்டர்தான். கோட்டருகே உட்கார்ந்தால் உங்கள் பக்கத்துப் பாதி ஆட்டம் முழுக்க அந்த லென்ஸுக்கு எட்டும் தூரத்திலேயே நடக்கும். எதிர்ப்பாதியில் நடப்பதை விட்டுவிடுங்கள். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும், அவர்களும் உங்களிடம் வருவார்கள்.