ஜிபிஎஸ்ஸில் லைட் எரிகிறது, கொம்பியூட்டர் கண்டுகொள்ளவே இல்லை

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய மாமா போர் முடிந்த பிறகு வன்னியில் வீட்டுத்திட்ட வேலை செய்த ஒரு நிறுவனத்தில் இருந்தவர். அவர்கள் அலுவலகத்தை மூடிக்கொண்டு போனபோது மாமாவின் கையில் கார்மின் ஈட்ரெக்ஸ் என்ற ஒரு பழைய கையடக்க ஜிபிஎஸ் கருவி மிஞ்சியது. தம்பி அதைக் கொண்டுபோய் ஊர்க் குளத்தின் கட்டு, துருசு (தண்ணீர் திறக்கும் மதகு), வான் (மிகுதி நீர் வழியும் இடம்), வாய்க்கால் பிரியும் இடங்கள் என்று 43 புள்ளிகளைக் குறித்திருக்கிறார், கட்டு நெடுக நடந்த பாதையும் உள்ளே இருக்கிறதாம். காலபோகத்துக்கு முன் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் இதை வரைபடமாகக் காட்ட வேண்டும். வீட்டில் விண்டோஸ் கொம்பியூட்டர். "கேபிளைச் செருகினால் ஜிபிஎஸ்ஸில் லைட் எரியுது, கொம்பியூட்டரில் ஒன்றுமே வரவில்லை. மேலே இருந்த பெயர் தேய்ந்துபோய்விட்டது, என்ன மொடல் என்றும் தெரியவில்லை. எந்த டிரைவரை இறக்க வேணும் அண்ணை?" என்பது கேள்வி.

டிரைவரை இப்போதைக்கு விடுங்கள் தம்பி. உங்கள் கேபிளில்தான் எனக்குச் சந்தேகம்.

யூஎஸ்பி கேபிளுக்குள் குறைந்தது நான்கு வயர் இருக்க வேண்டும், இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. சார்ஜ் பண்ணுவதற்கென்றே விற்கும் மலிவுக் கேபிள்களில் தகவல் வயர் இரண்டையும் போடாமலே விட்டுவிடுவார்கள். வெளியில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, செருகினால் லைட் எரியும், அத்தோடு சரி. ஈட்ரெக்ஸில் இருக்கும் மினி யூஎஸ்பி இப்போது வழக்கொழிந்துகொண்டு போகிற சாமான் என்பதால், கடைகளில் மிஞ்சிக் கிடப்பது பெரும்பாலும் ரோர்ச் லைட்டுக்கும் சின்ன ஸ்பீக்கருக்கும் கூட வந்த இந்தச் சார்ஜ் கேபிள்தான். நானே ஒருமுறை ரவுணில் ஒரு கடையில் "இது டேட்டாவும் போகும்" என்று சத்தியம் பண்ணித் தந்ததை வாங்கிக்கொண்டு வந்து, இரண்டு நாள் கொம்பியூட்டரைக் கழற்றிப் பூட்டி, கடைசியில் ஆத்திரத்தில் கேபிளை வெட்டிப் பார்த்தேன். உள்ளே சிவப்பும் கறுப்பும் மட்டும்.

ஆகவே புதுக் கேபிள் வாங்கப் போகாதீர்கள். ஊரில் யாராவது 10, 15 வருடத்துக்கு முந்தைய டிஜிட்டல் கமரா வைத்திருப்பார்கள், கலியாண வீட்டுக்குப் படம் எடுக்கிறவரிடம் கேட்டாலே கிடைக்கும். அந்தக் கமராக்களில் பலதுக்கு மினி யூஎஸ்பிதான். படத்தைக் கொம்பியூட்டருக்கு ஏற்றிய கேபிள் என்றால் அதில் தகவல் வயர் இருப்பது உறுதி. பழைய வெளி ஹார்ட் டிஸ்க்கின் கேபிளும் இதே வேலையைச் செய்யும்.

செருகும்போது கொம்பியூட்டரின் முன்பக்கத் துளையை விட்டு, பின்பக்கம் நேரே போர்டில் இருக்கும் துளையைப் பாவியுங்கள். ஜிபிஎஸ்ஸின் பின்னால் உள்ள றப்பர் மூடியைத் திறந்து துளைக்குள்ளும் ஒருதடவை வெளிச்சம் அடித்துப் பாருங்கள். எங்கள் செம்மண் தூசு எங்கேயும் புகும், மூடி சரியாகப் பூட்டாத கருவி என்றால் குளவி மண்கூடு வைத்திருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். பற்றரியைக் கழற்றிவிட்டு, காய்ந்த பல்குத்தும் குச்சியால் மெல்லத் தட்டி எடுங்கள். ஊசி, குண்டூசி எதையும் உள்ளே விடாதீர்கள்.

அடுத்தது, லைட் எரிவதை வைத்து எதையும் முடிவு பண்ணாதீர்கள், அது மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. ஈட்ரெக்ஸ் 10, 20, 30 என்று 2011இல் வந்த வரிசையாக இருந்தால், தகவல் இணைப்பு கிடைத்தவுடன் வழமையான திரை மறைந்து, கருவியும் கொம்பியூட்டரும் இணைந்திருப்பது போல ஒரு படம் வரும். வழமையான பக்கங்களே தொடர்ந்து தெரிந்தால் இணைப்பு இல்லை. சிலவேளை 'மாஸ் ஸ்டோரேஜ்' முறைக்குப் போகவா என்று கேட்கும், ஆம் என்று கொடுங்கள். அமைப்புகளில் சிஸ்டம் என்ற பகுதிக்குள் 'இன்டர்ஃபேஸ்' அல்லது 'யூஎஸ்பி மோட்' என்று ஒரு வரி இருந்து, அதில் 'ஸ்பானர்' என்று தெரிவாகி இருந்தால்தான் இந்தக் கேள்வி வரும். மாமாவின் அலுவலகத்தில் லப்டொப்பில் நேரடியாக வரைபடம் ஓடவிட அப்படி வைத்திருக்கக்கூடும்.

இந்த வரிசை என்றால் உங்கள் பாடு லேசு. கருவி ஒரு பென் டிரைவ் மாதிரி கொம்பியூட்டரில் வந்து நிற்கும், டிரைவரும் வேண்டாம், வேறு மென்பொருளும் வேண்டாம். அதற்குள் 'கார்மின்' என்ற போல்டர், அதற்குள் 'ஜிபிஎக்ஸ்' என்ற போல்டர், ஜிபிஎஸ் புள்ளிகளையும் பாதைகளையும் எழுதி வைக்கும் கோப்பு வகையின் பெயர் அது. நீங்கள் குறித்த 43 புள்ளிகளும் குறித்த நாளின் திகதியைப் பெயரில் தாங்கிய 'வேபொயின்ட்ஸ்' கோப்புகளில் இருக்கும், வேறு வேறு நாள் போயிருந்தால் நாளுக்கு ஒரு கோப்பு. கட்டு நெடுக நடந்த பாதையைச் சேமிக்காமல் விட்டிருந்தால் அது 'கரண்ட்' என்ற உள் போல்டரில் கிடக்கும். ஜிபிஎக்ஸ் போல்டரை முழுதாகக் கொப்பி பண்ணி கொம்பியூட்டரில் போடுங்கள். கட் பண்ண வேண்டாம், கொப்பிதான். மற்றக் கோப்புகளில் கைவைக்காதீர்கள், 'இது எதற்கு, இடத்தை அடைக்குது' என்று அழித்துவிட்டுப் பிறகு கருவி ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸ் "டிஸ்க்கை ஃபோர்மட் பண்ணவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு கேபிளை மறுபடி மாற்றிப் பாருங்கள். வேலை முடிந்ததும் பென் டிரைவை எடுப்பது போல முறையாக வெளியேற்றிவிட்டுப் பிடுங்குங்கள், கரண்ட் போய்வருகிற நேரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

உள்ளே பழைய புள்ளிகளும் கிடக்கலாம், வீட்டு இலக்கங்கள், ஆட்களின் பெயர்கள் என்று. அவை மாமாவின் வேலை சம்பந்தப்பட்டவை, யாருக்கும் அனுப்பாமல் அவரிடம் கேட்டு முடிவு பண்ணுங்கள்.

சரி, நல்ல கேபிள் போட்டு, கொம்பியூட்டர் 'டிங்' என்று சத்தமும் போட்டு, ஆனால் டிரைவ் எதுவும் வரவில்லை என்றால்? அப்போது உங்களிடம் இருப்பது 2007 அளவில் வந்த லெஜண்ட் எச்சிஎக்ஸ் அல்லது விஸ்டா எச்சிஎக்ஸாக இருக்கலாம். கருவியைப் போடும்போது முதல் திரையில் பெயர் வருகிறதா என்று கவனியுங்கள். இந்த வகையைச் சுற்றி ஒட்டியிருக்கும் றப்பர் பட்டி பசை விட்டுக் கழன்று வருவது பிரபலம், அதுவும் ஒரு அடையாளம். இவை பென் டிரைவ் மாதிரி நிற்காது, கார்மினின் சொந்த மொழியில்தான் பேசும். இங்கேதான் நீங்கள் கேட்ட டிரைவர் தேவை, அதைக் கார்மினின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடினால் முதலில் வருகிற 'எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்' வகையறாக்களில் ஏறினால் ஜிபிஎஸ் வேலை செய்கிறதோ இல்லையோ கொம்பியூட்டர் படுத்துவிடும். டிரைவர் ஏறிய பின் கார்மினின் பேஸ்கேம்ப் அல்லது இலவசமான ஜிபிஎஸ்பேபல், இரண்டில் ஒன்று போதும். எனக்கு ஜிபிஎஸ்பேபல்தான் பிடிக்கும், சின்னது, பழைய கொம்பியூட்டரிலும் ஓடும். உள்ளீடு என்ற இடத்தில் கோப்புக்குப் பதிலாகக் கருவியைத் தெரிந்து, வகையாக 'கார்மின் சீரியல், யூஎஸ்பி' என்பதையும் இணைப்பாக 'யூஎஸ்பி' என்பதையும் கொடுத்து, வெளியீட்டில் ஜிபிஎக்ஸ் என்று ஒரு கோப்புப் பெயர் கொடுத்தால் புள்ளியும் பாதையும் வந்துவிடும். அமைப்பில் உள்ள 'யூஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ்' என்பதை அழுத்தினால் டிரைவ் வருகிறதே என்று நினைக்காதீர்கள், அது உள்ளே இருக்கும் மெமரி கார்ட்டை மட்டும்தான் திறந்து காட்டும், நீங்கள் குறித்த புள்ளிகள் அங்கே இராது.

இந்தப் பழைய வகையில் ஒரு பொல்லாத குணம் உண்டு. நடந்த பாதையை 'சேமி' என்று கொடுத்தால் அதை 500 புள்ளிகளுக்குச் சுருக்கி, நேரத்தையும் கழற்றிவிட்டுத்தான் வைக்கும். கட்டு வளைந்து போகிற இடமெல்லாம் நேர்கோடாகிவிடும். ஆகவே சேமிக்காமல், ஓடிக்கொண்டிருக்கும் பதிவையே கொம்பியூட்டருக்கு இறக்குங்கள், அதை அழித்துவிடாமல் இருந்தால் முழுப் பாதையும் நேரத்தோடு வரும்.

கேபிளே நுழையாத, நான்கு உலோகத் தொடுமுனை மட்டும் உள்ள இன்னும் பழைய மஞ்சள் ஈட்ரெக்ஸும் இருக்கிறது. தம்பியுடையது அதுவாக இருக்க முடியாது, கேபிள் நுழைந்து லைட்டும் எரிகிறதே. வேறு யாரிடமாவது இருந்தால்: அது சீரியல் இணைப்பு, அதற்கென்று தனிக் கேபிளும் யூஎஸ்பிக்கு மாற்றியும் வேண்டும், மாற்றிக்குள் இருப்பது போலியான அல்லது மிகப் பழைய புரொலிஃபிக் சிப் என்றால் புது விண்டோஸ் 'கோட் 10' என்று காட்டி ஏற்க மறுக்கும். அத்தனை அலைச்சல் தேவையா என்று பாருங்கள். 43 புள்ளி என்றால் நான் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு உட்கார்ந்து அடித்துவிடுவேன், ஒரு மணித்தியால வேலை.

கையால் அடிப்பதென்றால் ஒன்றில் மட்டும் கவனம். கருவி வழமையாக பாகை, கலை என்று காட்டும்: 9 பாகை 09.123 கலை வடக்கு, 80 பாகை 39.300 கலை கிழக்கு. இது தசம பாகையில் 9.15205, 80.65500. கலையை 60ஆல் வகுக்காமல் அப்படியே 9.09123, 80.39300 என்று அடித்தால் உங்கள் துருசு கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் தள்ளி, மாங்குளத்தையும் தாண்டி மேற்கே போய் நிற்கும். இவ்வளவு பெரிய பிழை கண்ணுக்குப் படும், திருத்திவிடலாம். கண்ணுக்குப் படாத பிழைதான் அடுத்தது.

கருவியின் அமைப்பில் 'மப் டேட்டம்' என்று ஒன்று இருக்கிறது, எந்த அளவை அடிப்படையில் எண்களைக் காட்டுவது என்பது அது. அதில் ஜிபிஎஸ்ஸின் சொந்த அடிப்படையான டபிள்யூஜிஎஸ் 84 இருந்தால் கூகுள் எர்த்தோடு பொருந்தும். ஆனால் நில அளவைத் திணைக்களத்தின் வரைபடங்களோடு வேலை செய்தவர்கள் அதைக் 'கண்டவல' என்று மாற்றி வைத்திருப்பார்கள், இலங்கைக்கான பழைய அளவை அடிப்படை அது. அந்த எண்களை எழுதிக்கொண்டு போய் கூகுள் எர்த்தில் அடித்தால் எல்லாப் புள்ளியும் ஒரே திசையில் 200 மீட்டருக்கு மேல் நகர்ந்து நிற்கும். 200 மீட்டர் என்றால் துருசு குளத்துக்கு நடுவில், அல்லது அடுத்தவர் வயலில். கோப்பாக இறக்கினால் இந்தத் தொல்லை இல்லை, ஜிபிஎக்ஸ் கோப்பு எப்போதும் டபிள்யூஜிஎஸ் 84இல்தான் எழுதப்படும். கேபிளுக்காக இவ்வளவு மினக்கெடச் சொல்வதும் அதற்காகத்தான்.

கோப்பு வந்தபின் கூகுள் எர்த் புரோவில் திறந்தால் போதும், கொம்பியூட்டருக்கு அது இலவசம். கட்டின் கோடு படத்தில் தெரியும் கட்டின் மேல் உட்கார்ந்தால் எல்லாம் சரி. திகதி மட்டும் 20 வருடத்துக்கு முந்தியதாகக் காட்டினால் பயப்படாதீர்கள். ஜிபிஎஸ் செய்மதிகள் வாரத்தை 1024 வரை எண்ணி மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும், கடைசியாக அப்படித் தொடங்கியது 2019 ஏப்ரலில், சில பழைய கருவிகள் அதோடு குழம்பிவிட்டன. இடம் சரியாகவே இருக்கும்.

கூட்டத்துக்குப் போகுமுன் இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தைப் பார்த்தவுடன் அங்கே என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். "இந்த வாய்க்காலுக்குத் தண்ணி ஏறுமா, உயரம் எவ்வளவு காட்டுது?" என்பார்கள். அந்த எண்ணைச் சொல்லாதீர்கள். திறந்த வெளியில் இந்தக் கருவி இடத்தை 3 முதல் 5 மீட்டர் அளவுக்குள் காட்டும், பாலை, முதிரை நிழலில் இன்னும் மோசம். உயரத்தில் பிழை அதைவிடக் கூட. வாய்க்காலின் சரிவோ சென்ரிமீட்டர் கணக்கு. அதற்கு லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும், கமநல சேவை நிலையத்தில் கேட்டால் யாரிடம் போவதென்று சொல்வார்கள். காணி எல்லைக் கதை வந்தாலும் இதே பதில்தான்: ஒரு ஏக்கர் சதுரத்தின் பக்கம் 64 மீட்டர் அளவு, அதில் 5 மீட்டர் பிழையை வைத்துக்கொண்டு வேலியை நகர்த்தச் சொல்ல முடியாது, அது சேர்வையரின் வேலை. எந்தத் துருசு உடைந்திருக்கிறது, எந்தப் பிரிவுக்குப் பிறகு வாய்க்கால் தூர்ந்திருக்கிறது, கட்டில் எங்கே மாடு ஏறி அரித்திருக்கிறது என்று காட்ட உங்கள் 43 புள்ளி தாராளம்.

மூடிக்குள் இருக்கும் துளையையும் கேபிளின் இரண்டு முனைகளையும் போனில் படம் எடுத்து அனுப்புங்கள், அதிலேயே பாதி தெரிந்துவிடும். கருவியைத் திரும்ப மாமாவிடம் கொடுக்கும்போது பற்றரியைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள், மாரி முடியும்வரை அலுமாரிக்குள் கிடந்தால் கசிந்து தொடுமுனையெல்லாம் பச்சை பிடித்துவிடும்.