இந்த சர்வீஸ் யாருடையது? டெவலப்பர் போர்ட்டல் பற்றிச் சில கேள்விகள்

பிளாட்ஃபார்ம் டீமில் வேலை பார்க்கிறேன். கம்பெனியின் சர்வீஸ்கள் (தனித்தனியாக ஓடும் மென்பொருள் துண்டுகள்) பற்றிய விவரங்களை ஒரே இடத்தில் காட்டும் உள் இணையதளம்தான் உள் டெவலப்பர் போர்ட்டல். அதைப் பற்றிக் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அக்கா, எங்களிடம் விக்கி இருக்கிறது, ஸ்லாக் இருக்கிறது. போர்ட்டல் வேறு எதற்கு?

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருநாள் ராத்திரி 2 மணிக்கு அலர்ட் வந்தது. எங்கள் சர்வீஸ் நன்றாகத்தான் இருந்தது. அது கூப்பிடும் இன்னொரு சர்வீஸ் 500 எரர் கொடுத்துக்கொண்டிருந்தது. விக்கியில் ஓனர் பெயர் இருந்தது. அவர் வேலையை விட்டுப் போய் ஏழு மாதம்! ஸ்லாக்கில் கேட்டேன், மூன்று டீம் "நாங்க இல்லை" என்றது. ஆளைப் பிடிக்க 40 நிமிடம், சரிசெய்ய 5 நிமிடம். எந்த சர்வீஸ், எந்த டீம், இப்போது ஆன்-காலில் (அவசர அழைப்புக்குப் பொறுப்பில்) யார், ரன்புக் (கோளாறு வந்தால் என்ன செய்வது என்ற குறிப்பு) எங்கே: இந்த நான்கும் ஒரே பக்கத்தில் கிடைத்தால் போதும். மற்றதெல்லாம் அப்புறம்.

கேள்வி: போர்ட்டல் கட்ட உதவும் பேக்ஸ்டேஜ் இலவசம்தானே, போட்டுவிடலாமா?

இலவசம்தான். ஸ்பாட்டிஃபை தன் தேவைக்குக் கட்டியதை 2020 மார்ச்சில் ஓப்பன் சோர்ஸ் ஆக்கியது. அதே வருடம் செப்டம்பரில் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களைப் பராமரிக்கும் சி.என்.சி.எஃப். அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் நிறுவியவுடன் ஓடும் பொருள் என்று நினைக்காதீர்கள். அது ஒரு ஃபிரேம்வொர்க், அதாவது மேலே நீங்களே கட்டிக்கொள்ள வேண்டிய அடித்தளம். டைப்ஸ்கிரிப்ட், ரியாக்ட் தெரிந்த ஆள் வேண்டும். மாதாமாதம் ரிலீஸ் வரும்; நாலைந்தைத் தள்ளிப்போட்டால் பிளகின்கள் ஒவ்வொன்றாக முரண்டு பிடிக்கும். டீம் முழுக்க ஜாவா ஆட்கள் என்றால் போர்ட், கார்டெக்ஸ் போன்ற காசு கொடுத்து வாங்குபவற்றையும் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: சர்வீஸின் விவரங்களை எழுதிவைக்கும் யாமல் ஃபைலில் ஓனர் என்ற இடத்தில் டீம் லீட் பெயரைப் போட்டிருக்கிறோம். சரிதானே?

தப்பு. மேலே சொன்ன ராத்திரிக் கதை மறுபடி நடக்கும். டீம் பெயரைப் போடுங்கள். டீமில் யார் யார் என்பது கம்பெனியின் ஆக்டிவ் டைரக்டரியிலிருந்தோ கிட்ஹப்பிலிருந்தோ தானாக வரட்டும். ஆள் போனால் பட்டியலும் மாறும்.

இன்னொன்று. ஓனர் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் பேக்ஸ்டேஜ் அந்த ஃபைலை ஏற்றுக்கொள்ளும். சர்வீஸ் பக்கத்தைத் திறந்தால்தான், இது சுட்டும் ஒன்று கேட்டலாக்கில் (போர்ட்டலின் சர்வீஸ், டீம் பட்டியலில்) இல்லை என்று ஓர் எச்சரிக்கைப் பட்டை தெரியும், அதுவும் அந்தப் பட்டையைப் பக்கத்தில் சேர்த்திருந்தால். யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்? அதனால் எங்கள் சிஐ-யில் (கோடு மாறும்போது தானாக ஓடும் சோதனையில்) சின்ன ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறோம்: அந்தப் பெயரில் டீம் இல்லையென்றால் புல் ரிக்வெஸ்ட் (கோடு மாற்றக் கோரிக்கை) மெர்ஜ் ஆகாது. திட்டு வாங்கினோம். ஆனால் கேட்டலாக்கை நம்ப ஆரம்பித்தார்கள்.

கேள்வி: டெம்ப்ளேட் வசதியில் புது சர்வீஸ் பத்து நிமிடத்தில் தயார் என்கிறார்களே?

உண்மைதான், டெவலப்பர்களுக்கு உடனே பிடித்துப்போவதும் அதுதான். ரெப்போ (கோடு சேமிக்கும் இடம்), சிஐ, கேட்டலாக் பதிவு எல்லாம் ஒரே ஃபார்மில் முடியும். ஆனால் டெம்ப்ளேட்டைப் பிறகு திருத்தினால், ஏற்கெனவே உருவான ரெப்போக்களுக்கு அது தானாகப் போகாது. பழைய பேஸ் இமேஜோடு (சர்வீஸ் ஓடும் அடிப்படைப் பொதியோடு) முப்பது சர்வீஸ் நின்றால், முப்பதுக்கும் புல் ரிக்வெஸ்ட் போட வேறு ஏற்பாடு வேண்டும்.

கேள்வி: ஆவணங்களையும் போர்ட்டலுக்குக் கொண்டுவரலாமா?

கொண்டுவாருங்கள். பேக்ஸ்டேஜின் டெக்டாக்ஸ் வசதி, கோடு இருக்கும் ரெப்போவிலேயே உள்ள மார்க்டவுனை எடுத்துப் பக்கமாக்கிக் காட்டும். கோடு மாறும் அதே புல் ரிக்வெஸ்ட்டில் ஆவணமும் மாறும். பழைய விக்கி பக்கங்களை மொத்தமாக அள்ளிக் கொட்டாதீர்கள். குப்பை இடம் மாறும், அவ்வளவுதான்.

கேள்வி: மேனேஜர் முதல் மாதமே ஸ்கோர்கார்டு (ஒவ்வொரு சர்வீஸுக்கும் மார்க்) கேட்கிறார்.

தள்ளிப்போடுங்கள். கேட்டலாக் சரியாக இல்லாதபோது மார்க் போட்டால், மார்க்குக்காக ரன்புக் லிங்க்கில் காலிப் பக்கத்தை ஒட்டிவைப்பார்கள். பார்த்திருக்கிறேன்.

கேள்வி: போர்ட்டல் பயன்படுகிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கு வேண்டாம். அதையே ஹோம்பேஜ் ஆக்கிவிட்டால் எண் தானாக ஏறும். ஸ்லாக்கில் "இது யாருடையது?" என்ற கேள்வி ஒரு வாரத்தில் எத்தனை முறை வருகிறது என்று, தொடங்கும் முன்பே எண்ணி வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ணுங்கள்.

கேள்வி: நாங்கள் மொத்தமே 12 பேர். எங்களுக்கு வேண்டுமா?

வேண்டாம். ஒரு ஷீட் போதும்.